பாரம் தெரியாத வண்டி

ஜூன் 28, சனி

தீவனக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கொடுக்கும் டைரியில் இத்தனை நாள் முட்டை விலை மட்டும்தான் எழுதி வந்தேன். இன்றைக்கு ஆத்திரத்தை எழுதுகிறேன். வெளியே சொன்னால் வாயாடி என்பார்கள். உள்ளேயே வைத்திருந்தால் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுகிறது.

குட்டி யானை இனி ஓடாது. பல வருடமாகச் சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு முட்டை ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது வாழைத்தாரும் அன்னாசியும் பலாவும் கொண்டுவந்த வண்டி. இன்னமும் ஓடு என்றால் பாவம் பிடிக்கும். வேறு வண்டி பார்க்க வேண்டும் என்று நேற்றுதான் பேசினோம். இன்று காலையில் குமரேசன் அண்ணன் போன் செய்துவிட்டார். என் வீட்டுக்காரருடைய அக்கா சௌந்தரம் அண்ணியைக் கட்டியவர். அவரிடம் ஒரு பிக்கப் சும்மா நிற்கிறதாம், நாமே எடுத்துக்கொள்ளலாமாம்.

இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் அந்தப் பக்கம் தெரியாது என்பது என் வீட்டுக்காரருக்கு இன்னும் பிடிபடவில்லை. "சரிங்க மச்சான், சரிங்க மச்சான்." எத்தனை சரி! என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. முட்டைக் கடையை நடத்துவது நானும் இவரும். வண்டி வாங்குவது இவரும் மச்சானும்.

ஜூலை 2, புதன்

அண்ணன் ஊர் புதுச்சத்திரம் போய் வண்டியைப் பார்த்தோம்.

பிக்கப் என்றால் நம் ஊரில் ஓடுகிற பிக்கப் என்று நினைத்துப் போனேன். இது கொக்கு மாதிரி நின்றது. அண்ணனுடைய மகன் கோயமுத்தூரில் கொடுத்து உயர்த்தியிருக்கிறான். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டைகளை வைத்து, முன்பக்கத்தையும் ஏதோ செய்து தூக்கி, அளவுக்கு மீறின பெரிய டயர் மாட்டி, நெற்றியில் நான்கு விளக்கு. வீடியோ எடுத்துப் போடுவதற்காகச் செய்ததாம். பையன் இப்போது ஜெர்மனிக்குப் படிக்கப் போய்விட்டான். வண்டி கொட்டகையில் நிற்கிறது.

"நாலு சக்கரமும் இழுக்குமுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லம்மிணி, பின் சக்கரம் மட்டுந்தான். பாக்கறதுக்கு அந்த மாதிரி இருக்கும்."

பாக்கறதுக்கு என்று அவர் வாயாலேயே சொன்னார். நான்கு சக்கரமும் இழுக்காது என்றால் எதற்கு இந்த உயரம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் இவர் பானெட்டைத் தட்டிப் பார்த்து, "ஜம்முனு இருக்குதுங்க மச்சான்" என்றார். வாழைப்பழத்தைக்கூட இதைவிடக் கவனமாகத் தட்டிப் பார்ப்பார்.

பாரத்தோடு இறக்கத்தில் எப்படி இறங்கும் என்று கேட்டேன். "நான் இதுல பாரமே ஏத்துனதில்லம்மிணி. பொத்திப் பொத்தி வெச்சிருக்கறன்" என்றார் அண்ணன். பெருமையாகத்தான் சொன்னார். அண்ணி முறுக்கும் காப்பியும் கொண்டுவந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடிவதில்லை, நல்ல மனுஷி.

ஜூலை 6, ஞாயிறு

வெளியாள் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லலாம் என்றேன். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஒறம்பரகிட்ட வண்டி வாங்கறப்ப அடியில படுத்துப் பாத்தா, அவரு மூஞ்சில காறித் துப்புன மாதிரி ஆயிராதா கோதை? நாளைக்கு அக்கா வூட்டுப் படி ஏற முடியுமா?"

பண்ணையிலிருந்து முட்டை வந்தால் விளக்கில் பிடித்துப் பார்க்கிறோம். பண்ணைக்காரர் யாரும் என் மூஞ்சியில் துப்பினாய் என்று சொன்னதில்லை. உறவுக்காரர் வண்டி மட்டும் கோயில் பிரசாதம், கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நன்றாயிருக்கிறது நியாயம்.

எழுபது கொண்டை ஊசி வளைவு. ஓட்டப்போவது இவர். எனக்கென்ன?

ஜூலை 9, புதன்

அண்ணனே வண்டியை அர்த்தனாரி பட்டறைக்கு அனுப்பினார். "உங்க திருப்திக்குப் பாத்துக்கங்க" என்று. அர்த்தனாரி அண்ணனுடைய ஆள். அண்ணன் வீட்டு டிராக்டர், அறுப்பு மெஷின் எல்லாம் அந்தப் பட்டறையில்தான்.

அர்த்தனாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைக் காலால் உதைத்தார். "தங்கமான வண்டிங்க" என்றார். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் மதியச் சோறு வரைக்கும் பேசுகிற மனிதர் இன்று இரண்டு வார்த்தையோடு கை கழுவப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரிடம் சொன்னேன். "அவருக்கு என்ன அவசரமோ" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

ஆடி பிறந்தால் வண்டி எடுக்கக் கூடாது, அதற்குள் முடித்துவிடலாம் என்று அண்ணன் தினமும் போன். ஆடி போய் ஆவணியில் வாங்கினால் குடி முழுகிவிடாது என்றேன். இவர் சொன்ன பதில், "மச்சான் ஆசப்படறாரு."

மச்சான் ஆசைப்படுகிறார். நான் படுவது என்ன, காய்ச்சலா?

ஜூலை 13, ஞாயிறு

வாங்கியாயிற்று.

நாமக்கல் கோயில் முன்னால் நிறுத்திப் பூசை. சௌந்தரம் அண்ணி மாலை போட முக்காலி கேட்டார், அவ்வளவு உயரம். "எந் தம்பிக்குப் போவுதுன்னா எனக்கு நிம்மதி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழம் நான்கு சக்கரத்துக்கும் வைத்தோம். இவர் ஏற்றினார். மூன்று நசுங்கியது. ஒன்று டயரின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு நசுங்காமலே கூடச் சுற்றியது. அதைக் குச்சியால் நெம்பி எடுத்து மறுபடி வைத்தார்கள். இதை நான் சொன்னால் அபசகுனம் என்பார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

இந்த வண்டியை உயர்த்தினவன் ஒரு நாள் முட்டை ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

பின் பலகை என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. நம்மிடம் வேலை செய்யும் பாவாயி என்னைவிடக் குட்டை. அவளுக்குக் கழுத்து மட்டம். முட்டை அட்டைகளை அடுக்காகத் தூக்கி, கையை மேலே நீட்டி, எட்டி உள்ளே தள்ளினால் இரண்டு அட்டை சரிந்து அவள் தலையிலேயே விழுந்தது. மஞ்சள் கரு வழிய நின்றுகொண்டு, "அக்கா, இதுக்கு ஏணி வாங்கிக் குடு, இல்லன்னா ஒட்டகச்சிவிங்கிய வேலைக்கு வெச்சுக்க" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மத்தியானம் பண்ணைக்கு நானே ஓட்டிப் போனேன். என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது, மறந்துவிட்டார்கள். இருக்கையில் ஏறவே புடவையை இழுத்துச் சொருக வேண்டியிருக்கிறது. கேடுகெட்ட உயரம். ரைஸ்மில் மதில் சுவருக்கு மேலே உள்ளே காயப்போட்ட நெல் தெரிகிறது. பஸ் டிரைவர் நமக்குச் சரிசமமாகத் தெரிகிறான், வணக்கம் கூட வைத்தான். ஸ்கூட்டர்காரர்களின் மண்டை வழுக்கை எல்லாம் தெரிகிறது. என்னத்துக்கு இதெல்லாம்? நாளைக்கும் பண்ணைக்கு நானே போவதாக இவரிடம் சொல்லியிருக்கிறேன், இவர் முட்டையைச் சரியாக எண்ணி வாங்குவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

மலைமேல் சோளக்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் மண் பாதையில் மழைச்சேறு. வண்டி மாட்டிக்கொண்டது. பார்க்க மலையையே புரட்டும் போல நிற்கிற வண்டி, பின் சக்கரம் மட்டும் சுற்றிச் சேற்றை வாரி இறைத்திருக்கிறது. முன் சக்கரம் பொம்மை மாதிரி. அங்கிருந்த பையன்கள் போனில் படம் எடுத்திருக்கிறார்கள். டிராக்டர் கட்டி இழுத்து வெளியே எடுத்தார்களாம்.

இவர் வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு, "ஏத்தத்துல கிளட்ச் வாசன வருது" என்றார். டயர் பெரிதானால் என்ஜினுக்கு இழுக்கக் கஷ்டம், அதனால் கிளட்ச் தேயும். கிலோமீட்டர் முள்ளும் குறைத்துக் காட்டும், நாற்பது என்று காட்டினால் அதற்கு மேலே போகும். இதெல்லாம் நான் வாங்கும் முன்னாலேயே போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். இந்த டயரோடு தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னேன். அப்போது, "போன்ல போடறவனெல்லாம் வண்டி ஓட்டறவனா?" என்றார்.

ரசம் சூடாக வைத்திருந்தேன். குடித்தார்.

ஜூலை 22, செவ்வாய்

கிளம்பும்போது அடியில் டக் டக்கென்று சத்தம். வண்டியைத் தூக்கினதில் என்ஜினிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட் சாய்ந்துவிட்டது, அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி அர்த்தனாரி மாற்றிக் கொடுத்தார். மறுபடியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாத்தினா தீந்துருமுங்களா?" என்றேன்.

"கொஞ்ச நாளைக்கு ஓடுமுங்க."

தங்கமான வண்டி கொஞ்ச நாளைக்கு ஓடும்.

ஜூலை 25, வெள்ளி

இவர் மலையிலிருந்து வர நேரமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால், நாற்பதாவது வளைவில் நிறுத்தி டீ குடித்தாராம். இருபது வருடமாக இவரோடு அந்த மலை ஏறி இறங்குகிறேன். நாற்பதாவது வளைவில் குரங்குதான் இருக்கும், டீக்கடை கிடையாது.

சட்டையைத் துவைக்க எடுத்தேன். கருகின வாசனை.

சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும். தட்டை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 26, சனி

முன் பிரேக் பேட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. வாங்கி இரண்டு வாரம் ஆகவில்லை. "மலையில ஓடுனா தேயுமுங்க" என்று பட்டறைப் பையன் மாற்றினான். நானே பக்கத்தில் நின்று, பின் டிரம்மையும் கழற்றச் சொன்னேன். உள்ளே லைனிங் புதுசு மாதிரி இருந்தது. முன்னால் சாகிறது, பின்னால் உடம்பு வலிக்காமல் இருக்கிறது. நம் வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது.

மலை இறங்கும்போது பின் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டேன். "பிடிக்காம என்ன, கொஞ்சம் மெதுவாப் பிடிக்கும்" என்றார் இவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் வண்டியைக் குறை சொல்லக் கூடாதல்லவா, உயிரே போனாலும்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று கண்டுபிடித்தேன்.

பண்ணையில் நம் வண்டிக்குப் பக்கத்தில் இதே மாதிரி பிக்கப் நின்றது, கம்பெனியிலிருந்து வந்த உயரத்தில். அதில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அட்டைகள் ஏற ஏற அந்த வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. சும்மா நின்றுகொண்டிருந்தவள் குனிந்து அடியில் பார்த்தேன். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே ஒரு சின்ன டப்பாவுக்குப் போகிறது, அதிலிருந்து பிரேக் குழாய் போகிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தபோது அந்தக் கம்பி மெதுவாக மேலே எழும்பியது. முழுப் பாரம் ஏறினதும் நன்றாக நிமிர்ந்து நின்றது.

அடுத்து நம் வண்டியில் ஏற்றினார்கள். சாக்கை விரித்து அடியிலேயே படுத்துக்கொண்டேன். பண்ணை ஆட்கள் சிரித்தார்கள். "அக்கா பட்டறையே வெச்சரும் போல" என்றான் ஒருவன். சிரிக்கட்டும். நம் வண்டியின் கம்பி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முட்டை முழுக்க ஏறியது. வண்டி தாழ்ந்தது. கம்பி கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். முழுப் பாரம் ஏறியும், அந்த வண்டி காலியாக நின்றபோது கம்பி இருந்த இடத்துக்குக்கூட இது வரவில்லை.

புடவையெல்லாம் கோழி எரு. வீட்டுக்கு வந்து குளித்தேன், குளித்தும் கோபம் போகவில்லை.

ஜூலை 30, புதன்

கடையைப் பாவாயியிடம் விட்டுவிட்டு நேராக அர்த்தனாரி பட்டறை. டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்பி எதுக்குங்க?" என்றேன்.

எந்தக் கம்பி என்று அவர் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாரம் பாக்கற வால்வுங்க அது. பாரம் ஏறுனா பாடி தாழும், கம்பி மேல தள்ளும், அப்பத்தான் பின் பிரேக்குக்கு முழுசா ஆயில் வுடும். காலி வண்டின்னா கொஞ்சமாத்தான் வுடும், இல்லன்னா பின் சக்கரம் பூட்டிக்கும். இப்பக் கட்ட வெச்சுத் தூக்கிப்போட்டாங்களா, எவ்வளவு ஏத்துனாலும் வண்டி காலியா இருக்கறதாவே நெனச்சுக்குது. அப்ப பிரேக் பூராவும் முன்னாடிதான்."

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணனுக்கு?"

"போன வருசம் தென்னங்கன்னு ஏத்திட்டு வந்தப்ப ஒரு எறக்கத்துல நிக்காம ஓடிருச்சுங்க, வேலியில வுட்டு நிறுத்துனாரு. அப்பவே சொன்னனுங்க, கட்டைய எடுத்துரலாமுன்னு. 'நான் பாரம் ஏத்தறதில்ல, எனக்கெதுக்கு, பையன் கோவிச்சுக்குவான்'னாரு."

"எங்களுக்கு விக்கறப்ப?"

"பெரிய மனுசரு. உங்க குடும்பத்துக்குள்ள. நான் என்னத்தச் சொல்றதுங்க?"

நான் அந்த இடத்தில் என்ன பேசினேன் என்று எழுதப் போவதில்லை. பட்டறைப் பையன்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். அர்த்தனாரியின் அம்மா, அப்பா யாரையும் விட்டுவைக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில், கட்டையை எடுத்துப் பழைய உயரத்துக்கு இறக்கித் தருகிறேன், அதற்கான போல்ட்டு சேலத்திலிருந்து திங்கட்கிழமைதான் வரும் என்றார்.

பாரமே ஏற்றினதில்லையாம், பொத்திப் பொத்தி வைத்திருந்தாராம். பாரம் ஏற்றிப் பிழைக்கிறவன் தலையில் அதைக் கட்டினாரே, அது என்ன உறவு? வாரா வாரம் இவர் மலைக்குப் போனது அவருக்குத் தெரியும். போனில் கேட்பார், "மாப்ள, மலைக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்று. வந்து சேர்ந்தாரா என்று பார்க்கத்தான் கேட்டாரா?

ஜூலை 31, வியாழன்

இவரிடம் சொன்னேன். எல்லாம் கேட்டார். "மச்சான் மறந்திருப்பாரு" என்றார்.

சாப்பாடு போடவில்லை. இவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மலைக்கடைகளுக்கு முட்டை போயே ஆக வேண்டும். ஏறும்போது பாரம் பரவாயில்லை, இறங்கும்போது காலியாக வர வேண்டும் என்று என் மேல் சத்தியம் வாங்கி அனுப்பினேன்.

அன்னாசி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மலைமேல் செம்மேட்டில் யாரோ கெஞ்சினார்களாம். இவரால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது, எனக்கு மட்டும்தான் முடியும். அன்னாசி வாசனையும் கருகின வாசனையும் சேர்ந்து வாசலில் நிற்கிறது. சாவியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

ஆடி நோம்பிக்குக் கொல்லிமலைக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவது வழக்கம். இந்த வருடம் நம் பிக்கப்பில் எல்லாரும் போவதாகக் குமரேசன் அண்ணன் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். எங்களிடம் கேட்கவில்லை. விடிந்ததும் வந்துவிட்டார்கள். சித்தப்பா வீட்டு ஆட்கள், குழந்தைகள், பானை, அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன். நான் அடுப்படியில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் முக்காலி போட்டு எல்லோரும் பின்னால் ஏறிவிட்டார்கள். சௌந்தரம் அண்ணி பானையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஐந்தாறு குழந்தைகள் குதிக்கின்றன. சாவி அரிசி டின்னுக்குள் இருப்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் நிற்கிறார்.

குமரேசன் அண்ணன் தன் புதுக் காரின் கதவைத் திறந்துகொண்டு, "மாப்ள, நான் முன்னாடி போயி எடம் புடிக்கறன். நீ பைய வந்துரு" என்றார்.

நான் புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணா, இன்னைக்கு நீங்க பிக்கப்ப ஓட்டுங்க. இவரு உங்க கார ஓட்டிட்டு வரட்டும்."

"எதுக்கம்மிணி? மாப்ளைக்கு மலையெல்லாம் தண்ணி பட்ட பாடு."

"இருக்கட்டுங்ணா. உங்க வண்டிதான, உங்களுக்குக் கை பழக்கம். ஏறறப்பவும் நீங்க, எறங்கறப்பவும் நீங்க. இத்தன பேரும் பின்னால இருக்கட்டும்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு கார்க் கதவையே பார்த்தார்.

"எனக்கெதுக்கு அந்த வம்பு" என்றார்.

"என்ன வம்புங்ணா?"

பின்னாலிருந்து ஒரு குழந்தை பாப்கார்ன் கேட்டது.

"சொல்லுங்ணா. என்ன வம்பு? ஓட்டறதுல என்ன வம்பு இருக்குது?"

"அம்மிணி, நல்ல நாளும் அதுவுமா..."

அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. இவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். கொக்கியைத் தட்டிப் பின் கதவை இறக்கினார். கையை நீட்டினார்.

"அக்கா, எறங்கு."

அண்ணி எழுந்திருக்கவில்லை. பானையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஏறறப்பப் பாத்துட்டுத்தான இருந்தீங்க?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அண்ணன் வேட்டியைச் சரிசெய்தார். 

இவர் ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி இறக்கினார். கடைசியாக அண்ணியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். பிறகு திரும்பி, நான் பார்த்த இருபது வருடத்தில் முதல் தடவையாக மச்சானை எதிர்த்து, "மச்சான், காருக்குப் பெட்ரோல் போட்டுட்டீங்கன்னா கெளம்புங்க. நாங்க பஸ்ஸுல போயிக்கறம்" என்றார். குரல் உயரவில்லை. இவர் கோபப்பட்டால் இப்படித்தான் இருக்குமா என்று எனக்கே தெரியாது, நான் பார்த்ததில்லை.

அண்ணி காரில் ஏறவில்லை. பானையோடு எங்களோடு பஸ்ஸுக்கு வந்தார். வழியிலேயே கட்டை, பிரேக், வேலியில் விட்டு நிறுத்தியது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஆடிப் பதினெட்டு பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, எழுபது வளைவும் நின்றுகொண்டே போனோம். இவர் எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பஸ் பிரேக் பிடித்தது, அப்போதெல்லாம் இவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பதாவது வளைவில், "டீ குடிச்சன்னு சொன்ன அன்னைக்கு இங்கதான் நின்னன், கோதை. பிரேக் சுத்தமா இல்ல. கல்லுல டயர முட்ட வுட்டு நிறுத்தினன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சேந்தமங்கலம் வரைக்கும் விடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அர்த்தனாரி கட்டைகளை எடுத்துவிட்டார். பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு இரண்டு கட்டை, ஒன்றின் மேல் ஒன்று வெல்டிங் வைத்து. அப்படி வைக்கவே கூடாது என்றார், இப்போது சொல்கிறார். டயரையும் மாற்றியாயிற்று. முன்பக்கத்தையும் இறக்கினார், நீண்டு இழுத்துக்கொண்டிருந்த பிரேக் குழாயையும் மாற்றினார். கூலி வேண்டாம் என்றார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையில் திணித்தேன். அவருக்கு நான் கடன்பட மாட்டேன்.

கட்டைகளைச் சாக்கில் போட்டுக் கடைக்கு எடுத்து வந்தேன். எதற்கென்று தெரியவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முட்டை ஏற்றும்போது பாவாயி, "அக்கா, வண்டி நம்ம ஊருக்கு வந்துருச்சு" என்றாள். பலகை இடுப்பு மட்டத்துக்கு வந்துவிட்டது. கீழே குனிந்து பார்த்தேன். அட்டை ஏற ஏற கம்பி மேலே எழுந்தது.

மலைக்கு இவரோடு போனேன். இறங்கும்போது பலாப்பழப் பாரம். சாவியை நான் கேட்கவில்லை. சோளக்காட்டிலேயே இவர் இறங்கிச் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, சாவியை நீட்டினார். நான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி பின்னாலிருந்து பிடித்து நின்றது. முப்பதாவது வளைவுக்குள் இவர் வாயைத் திறந்து தூங்கிவிட்டார். இவ்வளவு வாரமாக இந்த மனிதர் சரியாகத் தூங்கவில்லை போல, எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ரைஸ்மில் மதிலுக்கு மேல் இப்போது நெல் தெரிவதில்லை. அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை. கொஞ்சம் நஷ்டம்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

குமரேசன் அண்ணன் இதுவரை போன் செய்யவில்லை. இவரும் செய்யவில்லை.

சாயங்காலம் சௌந்தரம் அண்ணி தனியாகப் பஸ்ஸில் வந்தார். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மன்னிப்புக் கேட்பாரோ என்று பயந்தேன், அவர் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. கேட்கவுமில்லை. சுற்றிலும் பார்த்தார்.

"அந்தக் கட்ட எங்க அம்மிணி?"

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைக் காட்டினேன். குனிந்து கையால் தடவிப் பார்த்தார். "இது ஒண்ணு நான் எடுத்துக்கட்டுமா?" என்றார்.

"எதுக்குங்க அண்ணி?"

"கூடத்துல டிவிக்குப் பக்கத்துல வெக்கறதுக்கு. அவரு தெனம் உக்கார்ற எடம்."

வயர் கூடையில் வைத்தார். கைப்பிடி இழுபட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். கூடையையாவது கொடுங்கள், கனம் என்றேன்.

"தெரியுது" என்றார் அண்ணி. "நானே தூக்கிக்கறன், வுடு."

ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போனார். திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இடத்தில்கூட அவர் கை மாற்றவில்லை.